17 பேர் கூடும் வீட்டில் 20 மாதப் பிள்ளை: கிறிஸ்துமஸ் விடுமுறையைப் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருந்தது இது. பெங்களூரில் இருக்கிறீர்கள், மகனுக்கு 20 மாதம். டிசம்பர் 20 முதல் ஜனவரி 2 வரை தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் கணவரின் ஊரில் தங்கப் போகிறீர்கள். மாமனார், மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம், இரண்டு நாத்தனார் குடும்பம் என்று வீட்டில் 17 பேர். உங்கள் அம்மா வீடு தூத்துக்குடி, கத்தோலிக்கர். 24-ஆம் தேதி ராத்திரிப் பூசைக்கு அங்கே வரச் சொல்கிறார்கள். கணவர் வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை), 25 விடியற்காலை ஆராதனைக்கு இங்கே இருக்க வேண்டும் என்கிறார்கள். போன வருடம் கைக்குழந்தை, சமாளித்துவிட்டீர்கள். இப்போது ஓடுகிறான், கையில் கிடைப்பதெல்லாம் வாயில் போகிறது. யார் மனதும் நோகாமல் எப்படி என்று கேட்டீர்கள். இவனுக்கு இதெல்லாம் புரியவா போகிறது என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன்.

நான் 31 வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். இப்போது பாளையங்கோட்டையில் நாலு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் வீட்டிலும் 14, 15 பேர் சேருவோம். அதனால் உங்கள் பக்கமும் தெரியும், உங்கள் மாமியார் பக்கமும் தெரியும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பண்டிகை நாட்களில் சுட்டுக்கொண்டோ, எதையாவது விழுங்கியோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். "யார் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாரும்தான் இருந்தோம் சிஸ்டர்." அதில் பொய் இல்லை. அம்மா பாட்டியிடம் இருக்கிறான் என்று நினைத்திருப்பாள், பாட்டி சித்தியிடம் என்று நினைத்திருப்பாள், சித்தி மாடியில் பெரிய பிள்ளைகளோடு விளையாடுகிறான் என்று நினைத்திருப்பாள். மூன்று பேர் மட்டும் இருக்கும் உங்கள் பெங்களூர் வீட்டில் இந்தக் குழப்பம் வர வாய்ப்பே இல்லை. 17 பேர் வீட்டில் தினமும் வரும்.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பிள்ளையின் துண்டு ஒன்று, நல்ல அடர்ந்த நிறத்தில். அது யார் தோளில் கிடக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குப் பொறுப்பு. வேறு வேலைக்குப் போக வேண்டுமானால் துண்டை இன்னொருவர் தோளில் போட்டு, அவர் "சரி, நான் பார்த்துக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நகர வேண்டும். முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் என் மூத்த பேரன், 11 வயது, துண்டைப் போட்டுக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி தங்கச்சி பின்னாலேயே நடந்தான். (பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பெரியவரும் இருக்கட்டும்.) இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வீட்டில் உங்களுக்குப் பழக்கமில்லாத ஆபத்து எது என்று கேட்டால், நான் சமையலைத்தான் முதலில் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்பே முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அதிரசமும் போட ஆரம்பித்துவிடுவார்கள். பின்வாசலில் தரையோடு தரையாக அடுப்பு இருக்கும், பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பேச்சு. அந்தக் கூட்டமும் வாசனையும் பிள்ளையை நேராக அங்கேதான் இழுக்கும். 25-ஆம் தேதி மத்தியானம் செங்கல் கூட்டி வைத்த பிரியாணி அண்டாவும் அதே இடத்தில்தான் இருக்கும். இறக்கி வைத்த அண்டாவும் ரசப் பானையும் எரிகிற அடுப்பை விட மோசம், ஏனென்றால் இறக்கியதும் எல்லாருடைய கவனமும் போய்விடும். அடுப்பு எரியும் நேரத்தில் பின்வாசல் கதவு சாத்தியிருக்க வேண்டும், கதவு இல்லையென்றால் பெஞ்சைப் படுக்கப் போட்டு அடைக்க வேண்டும். இதைப் பெரிய மைனியிடம் (கணவரின் அண்ணன் மனைவியிடம்) கேட்டு அவர் பொறுப்பில் விடுங்கள். அடுப்படியில் அவர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்.

தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 20 நிமிடம். பேஸ்ட், மஞ்சள், மாவு, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். பேஸ்ட் அப்பி வந்த பிள்ளையின் தோலைச் சுத்தம் செய்த வேதனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

போனதும் முதல் ஒரு மணி நேரம், பெட்டியைப் பிரிக்கும் முன்பு, நீங்களும் கணவரும் வீட்டை முட்டி போட்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிள்ளையின் கண் உயரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். தாத்தா பாட்டியின் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் தலையணைக்குப் பக்கத்திலோ ஜன்னல் திட்டிலோ இருக்கும். பிள்ளை ஒன்றிரண்டு விழுங்கினாலே ஆபத்து. பண்டிகைக்கு வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தால் மிச்சச் சுண்ணாம்பும் டர்பன்டைனும் மாட்டுத் தொழுவத்தில் எங்கேயாவது திறந்து கிடக்கும். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு டப்பா அதைவிடப் பக்கத்தில் இருக்கும். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே, அங்கேயே, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் கிளம்பலாம். கிணற்று மூடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறை வாளி எல்லாம் பார்த்துவிடுங்கள். அரை வாளித் தண்ணீரே இந்த வயதுக்கு ஆபத்து.

அலங்காரத்தில் நான் பயப்படுவது சின்ன பட்டன் பேட்டரிக்கு. இப்போது வரும் மினுக்கும் மெழுகுவர்த்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கு எரியும் பொம்மை பலவற்றிலும் அதுதான். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மையை யார் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி அலமாரி மேலே வைத்துவிடுங்கள். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல், வயிற்றோடு போய்விடும் என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். ராத்திரியிலும் குழந்தை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று கிளம்பும் முன்பே மச்சினரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 108 எண் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

சவுக்குக் கிளையை வெட்டி மரம் வைப்பார்கள் என்றால், மணல் வாளியில் நட்டு, தண்டை ஜன்னல் கம்பியோடு கட்டிவிடச் சொல்லுங்கள். கண்ணாடிக் குண்டெல்லாம் மேல் பாதியில். கீழ்ப் பாதியில் பஞ்சும் காகித நட்சத்திரமும் போதும், அதை அவன் பிய்க்கட்டும். சீரியல் செட் ஒயர் அவன் கைக்கு எட்டாமல் சுவரில் ஏற வேண்டும். பட்டாசு உங்கள் பக்கம் கண்டிப்பாக உண்டு, மாடியிலிருந்து அப்பா தோளில் வைத்துக் காட்டுங்கள். கையில் மத்தாப்புக் கொடுத்து போட்டோ எடுக்கும் ஆசையை இந்த வருடம் விட்டுவிடுங்கள். எரிந்து முடிந்த கம்பியும் சுடும். அதைப் போட ஒரு மணல் வாளி வையுங்கள்.

சாப்பாட்டில் நான் ஒன்றில் மட்டும் கறாராக இருப்பேன், மற்றதில் விட்டுக்கொடுப்பேன். கறார் நிலக்கடலையில். முழுக் கடலை, முந்திரி, பாதாம், கடலை மிட்டாய் எதுவும் இந்த வயதில் கூடாது. நான் வார்டில் பார்த்த வரை மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கியது பெரும்பாலும் நிலக்கடலைதான். 4, 5 வயது வரை பொடித்துக் கொடுத்தால் போதும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்க வேண்டும். ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் அதே மாதிரி அடைக்கும். எதுவாவது சிக்கி, இருமவும் முடியாமல், அழுகைச் சத்தமும் வராமல் திணறினால், குனிய வைத்து முதுகின் நடுவில் உள்ளங்கையால் பலமாக 5 தட்டு, வரவில்லை என்றால் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்வாக்கில் 5 அழுத்தம், மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடக் கூடாது. இருமிக்கொண்டிருக்கிறான் என்றால் இருமட்டும், தட்ட வேண்டாம். உங்கள் ஊரில் யாராவது செய்து காட்டினால் கிளம்பும் முன் ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

இனிப்புக்கு வருகிறேன். 2 வயது வரை சர்க்கரை சேர்த்தது வேண்டாம் என்பதுதான் மருத்துவ அறிவுரை. ஆனால் உங்கள் மாமியார் பாசிப்பயறு வறுத்து, திரித்து, வெல்லப்பாகு காய்ச்சி, தேங்காய் சேர்த்து உருட்டி, முந்திரிக்கொத்து சுட்டு வைத்துவிட்டு, பேரனுக்கு ஒரு வாய் கொடுக்காமல் இருக்கச் சொன்னால் அந்த வீட்டில் பண்டிகையே இருக்காது. நான் செய்வது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு தடவை, தாத்தா கையாலோ பாட்டி கையாலோ மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. மேல் மாவை உடைத்துவிட்டு உள்ளே இருக்கும் மெத்தென்ற பூரணத்தில் ஒரு கிள்ளு. "இனிப்பு தாத்தாதான் கொடுப்பார்" என்று ஆகிவிட்டால் மற்ற 14 பேரும் தானாகவே கை மடக்கிக்கொள்வார்கள், தாத்தாவுக்கும் பெருமை. அச்சு முறுக்கு ஒடிந்து குத்தும், பாலில் ஊறவைத்தால் சரி. கேக் வீட்டில் செய்ததா, பழத்தை ரம்மில் ஊறவைத்தார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். 25 மத்தியானம் பிரியாணி இறங்க 2 மணி ஆகிவிடும். இவனுக்குப் பன்னிரண்டுக்குள் தயிர்ச் சோறோ பருப்புச் சோறோ ஊட்டி முடித்துவிடுங்கள். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் யார் என்ன கேட்டாலும் தொடருங்கள். 2 வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வரும் இரவு தனியாகச் சொல்ல வேண்டியது. ராத்திரி 10 மணிக்கு மேல் டிரம், ஹார்மோனியம், கூடவே சிவப்பு அங்கியும் பிளாஸ்டிக் முகமூடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். பெரியவர்களுக்கு அதுதான் டிசம்பரின் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அசையாத முகத்தோடு ஆடி வரும் ஒருவரைப் பார்த்து 20 மாதப் பிள்ளை அலறுவது இயல்பு. இந்த வயதில் தெரியாத முகத்துக்கே பயம் உண்டு. அழ அழக் கையில் கொடுத்துப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். வழி ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுவது பெரும்பாலும் தெரிந்த வீட்டுப் பையன்தான். பகலில் வந்து முகமூடி இல்லாமல் அங்கியை இவன் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தொப்பியை இவன் தலையில் வைக்கட்டும். ராத்திரி நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு உள் அறை வாசலில் நின்றால் போதும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம்.

தூக்கத்தைத் தொட்டுவிட்டதால் அதையும் சொல்கிறேன். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். ஊரில் மாலை 5 மணிக்கு ஆரம்பிக்கும் அழுகைக்கு யாராவது "கண்ணு பட்டிருக்கும்" என்பார்கள். சுற்றிப் போட்டால் போடட்டும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் மத்தியானத் தூக்கம் போயிருக்கும், அதுதான் காரணம். ஓர் அறையை 1 மணி முதல் 3 மணி வரை அவனுக்கென்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் அவன் போர்த்திக்கொள்ளும் அதே போர்வை, துவைக்காமல், அந்த வாசனையோடு கொண்டுபோங்கள்.

இப்போது பூசையும் ஆராதனையும். 24 ராத்திரி தூத்துக்குடியில் பூசை முடிய நடுச்சாமம் தாண்டிவிடும். அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் வந்து, விடியற்காலை 4 மணிக்கோ 5 மணிக்கோ மறுபடியும் கோயில். பெரியவர்களுக்கே கஷ்டம். பிள்ளைக்கு இது முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும். உங்கள் அம்மாவுக்கு வருத்தம் வராமல் இருக்க ஒரு நல்ல காரணம் உங்கள் திருச்சபை வழக்கத்திலேயே இருக்கிறது. கிறிஸ்து பிறப்புக் காலம் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை, ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் தாண்டியும் போகிறது. குடில் அதுவரை இருக்கும். அதனால் 27, 28 வாக்கில் தூத்துக்குடிக்குப் போய் இரண்டு ராத்திரி தங்குங்கள். பகல் வெளிச்சத்தில், கூட்டமில்லாத பனிமய மாதா கோயிலில், அவன் குழந்தை இயேசுவை ஆற அமரப் பார்த்து முத்தம் கொடுக்கலாம். நள்ளிரவுக் கூட்டத்தில் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது. அடுத்த வருடம் 24 அம்மா வீட்டில் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். குடிலில் புல்லுக்காகக் கேழ்வரகு முளைக்கப் போடுவார்கள் இல்லையா, பேரனுக்கென்று தனியாக ஒரு தட்டில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அவன் தடவிப் பார்க்க, பிடுங்க. மண் சொரூபங்கள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மரத்திலோ துணியிலோ ஓர் ஆடும் மாடும் அவன் கையில். எங்கள் பேத்தி போன வருடம் அந்த மாட்டுக்குத் தோசை ஊட்டினாள்.

நாசரேத்தில் விடியற்காலை ஆராதனைக்கு உங்கள் கணவர் அப்பா அம்மாவோடு போகட்டும். காலையில் இரண்டாம் ஆராதனை இருந்தால் நீங்கள் பிள்ளையோடு அதற்குப் போங்கள். கடைசி வரிசை, கதவுப் பக்கம், ஒலிபெருக்கிக்குத் தூரமாக. கீர்த்தனை ஆரம்பித்ததும் அவனே கை தட்டுவான். பிரசங்கத்தின்போது வெளியே மணலில் விளையாடட்டும். புது உடுப்பைக் கிளம்பும் முன்பே ஒரு தடவை துவைத்துவிடுங்கள், கோட்டுக்குள்ளே பருத்திப் பனியன். வலை வைத்த துணியும் ஜரிகையும் அரித்தால் அவன் கோயிலில் உட்கார மாட்டான்.

யார் மனதும் நோகாமல் என்றீர்களே, அதற்கு நான் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, கணவர் வீட்டாரிடம் கணவர்தான் சொல்ல வேண்டும். அதுவும் அங்கே போய் விருந்தாளிகள் முன்னால் வேண்டாம், இரண்டு வாரம் முன்பே போனில். "அம்மா, அவன் கடலை சாப்பிடக் கூடாதாம், டாக்டர் சொல்லியிருக்கார். நீங்கதான் எல்லாருக்கும் சொல்லணும்" என்று மகன் சொன்னால் அது அம்மாவின் சட்டமாகிவிடும். அதையே மருமகள் சொன்னால் புகாராகிவிடும். இரண்டு, செய்யாதீர்கள் என்று சொல்லும் இடத்தில் ஒரு வேலையைக் கொடுங்கள். முகத்தில் முத்தம் வேண்டாம் என்பதற்குப் பதில், "அவனுக்குப் பாதத்துல கொஞ்சினா ரொம்பப் பிடிக்கும் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட. யாரிடமாவது போக மாட்டேன் என்று திரும்பிக்கொண்டால் பிடித்துத் திணிக்காதீர்கள். நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பத்து நிமிடத்தில் அவனே நகர்ந்து போவான். சளி, காய்ச்சலோடு வருபவர்கள் மட்டும் தூரத்திலிருந்து பார்க்கட்டும். இதில் தயவு பார்க்க வேண்டாம். இந்த வருட ஃப்ளூ தடுப்பூசி போடவில்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள், முதல் தடவையானால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. அதனால் நவம்பரிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

பயணம் சுருக்கமாக. ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, டிசம்பர் 20-க்கு அக்டோபர் மூன்றாம் வாரம் காலையில் தயாராக இருங்கள். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிடைத்தால் இரவோடு போய்விடலாம். 5 வயதுக்குள் தனி பெர்த் இல்லாமல் டிக்கெட் வேண்டாம், கீழ் பெர்த் கேளுங்கள். டிசம்பரில் நம் பக்கம் மழை நம்ப முடியாது. 2023-இல் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, ரயிலெல்லாம் நின்று, பல வீடுகளில் ஸ்டார்கூடக் கட்டவில்லை. அதனால் மாற்று உடுப்பு, டயப்பர், ஓ.ஆர்.எஸ்., டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, கொசுவலை எல்லாம் இரண்டு நாள் கூடுதலாக.

கடைசிக் கேள்வி. அவனுக்குப் புரியுமா? கதை புரியாது. கூட்டமும் சத்தமும் பரிசும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் குழம்புவான். பரிசுகளை ஒரு நாளைக்கு ஒன்று என்று ஜனவரி 2 வரை பிரித்துக் கொடுங்கள். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் ஒரு சின்ன காரியம் அவனுக்கு நன்றாகவே புரியும். வாசலில் ஸ்டார் கட்டியிருப்பார்கள் அல்லவா, மாலை 6 மணிக்கு அதன் சுவிட்சைப் போடும் வேலையை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். தாத்தா தூக்கிப் பிடிக்க வேண்டும், இவன் தட்ட வேண்டும், எரிந்ததும் எல்லாரும் ஒரு வரி பாட வேண்டும். மூன்றாம் நாள் ஐந்தரைக்கே தாத்தாவின் வேட்டியைப் பிடித்து வாசலுக்கு இழுப்பான். தாத்தா தோளில் அப்போது அந்தத் துண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.